டன்ஸோவின் முதல் மாதிரி

பெங்களூரில் ஆப் தொடங்க நினைப்பவர்கள் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வது, மாதிரித் திரைகள் வரைய ஃபிக்மாவா பால்சமிக்கா என்றுதான். கபீர் பிஸ்வாஸும் நண்பர்களும் இதே ஊரில் டன்ஸோ என்ற டெலிவரி சேவையைத் தொடங்கியபோது கையில் இருந்தது வெறும் வாட்ஸ்அப்.

வீட்டில் மறந்த சார்ஜர், கடையில் வாங்க வேண்டிய மருந்து என்று வாடிக்கையாளர் செய்தி அனுப்புவார். ஆள் போய் எடுத்து வருவார். மக்கள் எதைக் கேட்கிறார்கள், எங்கே தாமதமாகிறது என்பதெல்லாம் அந்த உரையாடலிலேயே தெரிந்துவிடும். ஆப் பிறகுதான் வந்தது. 2017 டிசம்பரில் கூகுளே முதலீடு செய்தது!

ஃபிக்மா அருமையான கருவி. பிரௌசரிலேயே திரைகளை அடுக்கி, பட்டனைத் தொட்டால் அடுத்த பக்கம் போகிற மாதிரி காட்டலாம். பட்டன் கண்ணில் படுகிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் காசு கொடுத்து யாராவது கேட்பார்களா என்ற சந்தேகம் இருந்தால், வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து நாலு தெருவில் ஓட்டிப் பார்ப்பதே மேல்.