பிரயாணிகள் பெரும் அவதி

புகையிரத வேலைநிறுத்தங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துச் சேர்க்கும் வழக்கமொன்று சில ஆண்டுகளாக எம்மிடம் உண்டு. ஆராய்ச்சி நோக்கம் எதுவும் அதற்கு இல்லை. வகுப்பில் மொழிப் பயிற்சிக்கு உதவும் என்று தொடங்கியது. பின்னர் விட முடியாமற் போயிற்று. இன்று அந்தக் கோப்பைப் புரட்டும்போது, ஒரே செய்தியைத்தான் பத்துத் தடவை கத்தரித்து வைத்திருக்கிறோமோ என்ற ஐயம் எழுகின்றது. ஆண்டு மாறுகின்றது, அமைச்சர் மாறுகின்றார், கோரிக்கை மாறுகின்றது, செய்தி மாத்திரம் மாறுவதில்லை. கோட்டைப் புகையிரத நிலைய மேடையில் நெருக்கியடித்து நிற்கும் சனக்கூட்டத்தின் படம். அதன்மேல் ‘பிரயாணிகள் பெரும் அவதி’ என்ற தலைப்பு. கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு தாயின் முறைப்பாடு, வேலைக்குப் பிந்திவிட்ட ஓர் இளைஞனின் கோபம், அமைச்சரின் எச்சரிக்கை. சாரதிகளோ காப்பாளர்களோ நிலைய அதிபர்களோ எதற்காக வேலையை நிறுத்தினர் என்பது, கடைசிப் பந்தியில், ‘பல்வேறு கோரிக்கைகளை முன்வைத்து’ என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றது. இடம் போதாவிடின் முதலில் வெட்டப்படுவது கடைசிப் பந்தியே என்பதைப் பத்திரிகைத் தொழில் அறிந்தோர் அறிவர்.

சொற்களையும் சற்றுக் கவனித்தல் வேண்டும். எமது பத்திரிகைகள் ‘வேலைநிறுத்தம்’ என்பதிலும் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்பதையே பெரிதும் விரும்புகின்றன. பகிஷ்கரிப்பு என்பது வேண்டாததை விலக்கி வைத்தல். அந்நியத் துணியைப் பகிஷ்கரித்தார்கள். 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. தொழிலாளியோ வேலையை வேண்டாமென்று ஒதுக்குபவனல்லன். தகுந்த நிபந்தனைகளோடு அதை மீண்டும் செய்வதற்காகவே அவன் அதை நிறுத்துகின்றான். ஒரு சொல்லை மாற்றியதும் உழைக்க மறுக்கும் சோம்பேறியின் உருவம் வாசகன் மனத்தில் எழுந்துவிடுகின்றது. அதன் பின் ‘மக்களைப் பணயம் வைத்து’ என்ற தொடரும் வந்து சேருமாயின் சோம்பேறி கொள்ளைக்காரனாகவும் ஆகிவிடுகின்றான். இவற்றை எழுதும் உதவியாசிரியர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில் இரவு வேலை பார்ப்பவர் என்பது வேறு விடயம்.

இதற்கெல்லாம் பத்திரிகை முதலாளியின் சதியே காரணம் என்று கூறி முடித்துவிட எமக்கு விருப்பமில்லை. அது எளிது, எளிதாயிருப்பதனாலேயே எம்மவர் பலருக்கு அது பிடித்திருக்கின்றது. செய்தி உண்டாகும் முறையிலேயே ஒரு சாய்வு இருக்கின்றது. மேடையில் நிற்கும் கூட்டத்தைப் படம் பிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆட்சேர்ப்புத் திட்டம் என்றால் என்ன, ஒரு தரத்திலிருந்து அடுத்த தரத்துக்கு உயர்வது ஏன் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டது, ஒரே நாளில் சேர்ந்த இருவருக்குச் சம்பள முரண்பாடு எவ்வாறு உண்டாயிற்று என்பவற்றை அறிய நாட்கள் பல வேண்டும். ஒரு தகராறு மாதக்கணக்கில் கடிதங்களாகவும் பேச்சுவார்த்தைகளாகவும் நிறைவேறாத வாக்குறுதிகளாகவும் நடக்கின்றது. அம்மாதங்களில் அது செய்தியன்று. புகையிரதம் நின்ற நாளில்தான் அது செய்தியாகின்றது. எனவே வாசகனுக்கு வேலைநிறுத்தம், சூறாவளியையும் வெள்ளத்தையும் போல, காரணமின்றி வந்து விழும் ஓர் இயற்கை அனர்த்தமாகத் தோன்றுகின்றது.

ஆயினும் உடைமை பற்றிய கேள்வியை விட்டுவிடவும் இயலாது. இலங்கையில் அக்கேள்விக்கு விசேடமான வடிவம் ஒன்று உண்டு. இங்கே புகையிரதம் அரசாங்கத் திணைக்களம். புகையிரத ஊழியரின் எசமான் அரசாங்கம். நாட்டின் பெரும் பத்திரிகை நிறுவனமாகிய லேக் ஹவுஸும் 1973 முதல் அரசாங்கத்தின் கையில் இருக்கின்றது. தகராறின் ஒரு தரப்பினரே அத்தகராறைப் பற்றிய செய்தியையும் வெளியிடுகின்றனர்.

இதில் இடதுசாரிகளாகிய எமக்குக் கசப்பான ஒரு பாடமும் உண்டு. தனியுடைமையாக இருந்த காலத்தில் லேக் ஹவுஸ் தொழிற்சங்க இயக்கத்தின் பகைவனாகவே எம்மவரால் கருதப்பட்டது. அதிற் பெருமளவு உண்மையும் உண்டு. (அதே நிறுவனத்தின் தமிழ் நாளிதழான தினகரனுக்கு 1959இல் கைலாசபதி ஆசிரியரானதும், முற்போக்கு எழுத்தாளருக்கு அதன் பக்கங்கள் திறந்ததும் இக்கணக்கில் அடங்காத வரலாறு.) 1973இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நிறுவனத்தின் பங்குகளிற் பெரும் பகுதியைக் கையேற்றபோது, சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அவ்வரசாங்கத்தின் பங்காளிகளாய் இருந்தனர். பத்திரிகை மக்களிடம் சேர்ந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குள் அது யாரிடம் சேர்ந்திருந்தது என்பது புலனாயிற்று. 1980 யூலையில், மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கோரி அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலைத் தொழிலாளர் அதன் முன்னணியில் நின்றனர். ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். ‘தாமாகவே பதவியை விட்டு நீங்கியோர்’ என்பது அவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர். எம்மவர் பறித்துக் கொடுத்த பத்திரிகைகள், ஜே. ஆர். ஜயவர்தனா அரசாங்கத்தின் குரலாகவே அந்நாட்களில் ஒலித்தன.

‘பொதுமக்கள்’ என்ற சொல்லுக்கு வருவோம். வேலைநிறுத்தச் செய்திகளில் இச்சொல்லே நடுநாயகம். பொதுமக்கள் ஒரு பக்கம், தொழிலாளர் மறுபக்கம். வடபகுதிப் பாதையிலும் கரையோரப் பாதையிலும் காலை வேளையில் பருவச் சீட்டோடு தொங்கிக்கொண்டு வருபவர் யாவர்? எழுதுவினைஞர், தாதியர், கடைச் சிப்பந்திகள், ஆசிரியர். இவர்களுள் வேலைநிறுத்தம் செய்யாத தொழிற்பிரிவு எது? சென்ற மாதம் பாடசாலையை மூடிவிட்டு வீதிக்கு வந்த ஆசிரியர் அன்று ‘பொதுமக்களை’ அவதிக்குள்ளாக்கியவர். இம்மாதம் புகையிரத மேடையில் நிற்கும்போது தாமே அவதியுறும் பொதுமக்கள். இந்த மாற்றம் ஒருவருக்கும் வியப்பளிப்பதில்லை.

சட்டமும் இதே சொல்லைக் கையாள்கின்றது. 1947 யூன் மாதப் பொது வேலைநிறுத்தத்தின்போது, 5ஆந் திகதி, கொழும்பில் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் உயிரிழந்தார். அவ்வேலைநிறுத்தத்தை எதிர்கொள்ளவே அதே மாதத்தில் ஒரு சட்டம் பிறந்தது. ‘பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்’ என்பது அதன் பெயர். பின்னர் இந்நாட்டில் பல தசாப்தங்கள் நிலவிய அவசரகால நிலைகளுக்கெல்லாம் அதுவே மூலம். அதன் கீழ் தமிழ் மக்கள் அனுபவித்தவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. வேலைநிறுத்தத்தை அடக்கப் பிறந்த சட்டம் அது என்பது எமது பாடநூல்களில் இல்லை. கந்தசாமியின் பெயரைத் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு வெளியே அறிந்த மாணவர் ஒருவரையேனும் நாம் இன்னும் சந்திக்கவில்லை.

இவற்றையெல்லாம் உயர்தர வகுப்பொன்றில் ஒருநாள் எடுத்துரைத்தோம். நறுக்குகளைப் பங்கிட்டுக் கொடுத்து, யார் பேசுகிறார்கள், எத்தனை வரிகள் பேசுகிறார்கள் என்று கோடிடச் செய்தோம். பயிற்சி நன்றாகவே நடந்தது. முடிவில் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “எல்லாம் சரி சேர், ஹொரப்பேயில விழுந்து செத்தவரும் பத்திரிகை செய்த பொய்யோ?”

2023 செப்டெம்பர் 12ஆந் திகதி, சாரதிகளின் வேலைநிறுத்தத்தின்போது, ஓடிய சில புகையிரதங்களுள் ஒன்றின் கூரையிலிருந்து ஹொரப்பே நிலையத்தில் விழுந்து இறந்த இளைஞரையே அவன் குறிப்பிட்டான். அந்த நறுக்கும் கோப்பில் இருந்தது. அவ்வேலைநிறுத்தத்துக்கு நெடுங்காலமாகத் தடைப்பட்டிருந்த பதவியுயர்வு காரணம். அரசாங்கம் புகையிரதத்தை அத்தியாவசிய சேவையாகப் பிரகடனம் செய்தது. பிரகடனத்தின் பின் வேலைக்கு வராதவருக்குச் சிறையும் சொத்துப் பறிமுதலும் உண்டு என்கின்றது 1979ஆம் ஆண்டின் சட்டம். பதவியுயர்வைப் பிந்தவைத்தவருக்கு எத்தண்டனையும் அதில் இல்லை.

இதைத்தான் அவனுக்குக் கூறினோம். மிதிபலகையில் தொங்கிச் செல்வது வேலைநிறுத்தம் இல்லாத நாட்களிலும் நடப்பதே என்றும் கூறினோம். அவன் ஒப்பவில்லை. “அண்டைக்குக் கூரையில ஏற வேண்டி வந்ததுதானே, சேர்” என்றான். உண்மைதான். இறந்தவனின் வீட்டுக்குச் சென்று ஆட்சேர்ப்புத் திட்டத்தை விளக்க எவராலும் இயலாது. வேலைநிறுத்தத்தின் துன்பம் முதலில் வீழ்வது அமைச்சர்மீது அன்று, கார் இல்லாதவன்மீது. ஓர் ஆலையை நிறுத்தினால் முதலாளியின் இலாபம் நிற்கின்றது. புகையிரதத்தை நிறுத்தினால் அரசாங்கத்தின் கருவூலம் அதிகம் அசைவதில்லை. ஏழைப் பிரயாணியின் நாட்கூலியே நிற்கின்றது. புகையிரதத் தொழிற்சங்கங்கள் இந்த வேறுபாட்டை நேருக்குநேர் நோக்கியாக வேண்டும். சாரதிக்கு ஒரு சங்கம், காப்பாளருக்கு ஒரு சங்கம், நிலைய அதிபருக்கு வேறொரு சங்கம் என்று பிரிந்து, ஒவ்வொன்றும் தன் தரத்தின் முரண்பாட்டுக்காகத் தனித்தனியே வண்டியை நிறுத்தும்போது, பிரயாணியை நோக்கி ‘இது உனது போராட்டமும்தான்’ என்று எந்த வாயாற் சொல்வது? பத்திரிகை சொல்லாததைத் தாமாவது மேடையில் நின்று சொல்லலாமே.

அது பயனற்ற வேலை அன்று என்பதற்குப் பிரித்தானியாவில் நடந்ததைக் கூறலாம். 2022 யூன் 21ஆந் திகதி அங்கே ஏறத்தாழ 40,000 புகையிரத ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது, பெரும் பத்திரிகைகள் எமது பத்திரிகைகளை விஞ்சின. சாரதிகளின் உயர்ந்த சம்பளத்தையும் சேர்த்துப் போட்ட சராசரியைக் காட்டி, வேலைநிறுத்தம் செய்த துப்புரவுப் பணியாளரும் அப்பணத்தைப் பெறுபவர்போல எழுதினர். தொழிற்சங்கச் செயலாளர் மிக் லிஞ்ச், தொலைக்காட்சி நிலையங்களுக்கெல்லாம் சென்று, நீர் மார்க்ஸியவாதியா என்று கேட்டவருக்கும், உமது முகப்புத்தகப் படத்தில் பொம்மலாட்டத் தொடரின் வில்லன் ஏன் இருக்கிறான் என்று கேட்டவருக்கும், சம்பளம், ஆட்குறைப்பு, வேலை நிபந்தனை என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்ட பலர், அவ்விடயங்களை முதன்முறையாக அன்றுதான் கேட்டனர்.

வடக்கில் வாழும் எமக்கு இவ்விடயத்தில் இன்னொரு கண்ணும் உண்டு. 1956 ஏப்பிரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. மீண்டும் வந்தது 2014 ஒக்ரோபரில். 24 ஆண்டுகள். தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு, நிலையங்கள் இடிந்து, பாதை இருந்த இடம் பற்றையாயிற்று. அந்த நிறுத்தத்தைத் ‘தேசத்தின் ஸ்தம்பிதம்’ என்று எழுதிய தெற்குப் பத்திரிகை எதனையும் நாம் காணவில்லை. இரண்டு நாள் நின்றால் நாடே நின்றுவிட்டது என்று எழுதும் பேனாக்களின் ‘பொதுமக்கள்’ எவ்விடத்தில் முடிகின்றனர் என்பதை இதைக்கொண்டு அளக்கலாம்.

அந்த மாணவனின் கேள்விக்குப் பின் சில மாதங்கள் கழித்து, வேறொரு வேலைநிறுத்தத்தின்போது, நண்பர் ஒருவர் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தெற்கிலிருந்து கொண்டுவந்தார். சிங்களத்தில் மாத்திரம் அச்சிடப்பட்டிருந்தது. புகையிரதத்தில் தமிழரும் பயணம் செய்கின்றனர் என்பதைச் சங்கமும் மறந்திருந்தது. சிங்களம் கற்கும் இரு மாணவிகளும் பின்வாங்குக்காரனுமாகச் சேர்ந்து அதைத் தமிழில் எழுதினர். கோரிக்கைகள் ஐந்து. நான்கு, சம்பளமும் தரமும் பற்றியவை. மற்றது, காலைநேர வண்டிகளுக்குக் கூடுதற் பெட்டிகளைப் பூட்டும்படி கேட்டது. அன்றைய நறுக்குகள் ஐந்தையும் மாணவர் மேசையிற் பரப்பி வரிவரியாகத் தேடினர். ஒன்றிலும் அது இல்லை. பின்வாங்குக்காரன் அக்கோரிக்கையின் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடுகள் இழுத்து, தாளை எமது கோப்பிலே வைத்தான்.