கேஸ் தீர்ந்து போகாது

"எங்கள் குழுவின் குளிர்பதன அறைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டியிருக்கிறது. சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தரமான கேஸ் எங்கே கிடைக்கும்?" என்று வாசகர் ஒருவர் இந்த இதழுக்குக் கேள்வி அனுப்பியிருந்தார். பதில் எழுதச் சொல்லி அது என்னிடம் வந்தது.

இரண்டு வரியில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே தவறை ஒருமுறை நானே முன்னின்று செய்ய வைத்து, அதனால் ஆறு குடும்பங்களின் ரோஜா வீணாகியிருக்கிறது. அதனால் நடந்ததை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது பி.எஸ்சி. விவசாயம். பயிர், மண், பூச்சி பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன். குளிர்பதன இயந்திரம் என் பாடத்தில் இல்லை. 2019-ல் ஓசூர் பக்கம் வேலை பார்த்தபோது, ரோஜா போடும் ஒரு மகளிர் குழு 5 டன் கொள்ளளவில் சிறிய குளிர்பதன அறை வைத்திருந்தது. மானியத்துக்கு அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் அந்த அறையில் எது பழுதானாலும் எனக்குத்தான் முதல் போன் வரும்.

பிப்ரவரி 14 காதலர் தினம். அதற்கு முந்தைய மூன்று வாரம்தான் ஓசூர் ரோஜாவுக்கு வருஷத்திலேயே நல்ல விலை. வெட்டிய பூவை 2 முதல் 4 டிகிரி குளிரில் வைத்திருந்து, விலை ஏறும்போது அனுப்ப வேண்டும். அந்த ஜனவரி நடுவில், அறையின் வெப்பநிலை 4-லிருந்து 8-க்கு ஏறிவிட்டது என்று குழுவின் பொருளாளர் அக்கா போன் செய்தார்.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து, "கேஸ் கம்மி சார்" என்றார். "அப்ப போட்டுடுங்க, பூ உள்ள இருக்கு" என்றேன். 2 கிலோ ஆர்-404ஏ போட்டார். மறுநாளே குளிர் இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பத்தே நாளில் மறுபடி 9 டிகிரி. இந்த முறை இரண்டரை கிலோ. யூனிட் அடிக்கடி தானாக நின்று நின்று ஓடியது. அழுத்தம் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் எல்.பி. கட்-அவுட் என்ற சுவிட்ச்தான் அப்படிச் செய்கிறது என்றார் மெக்கானிக். ஒரு துண்டு ஒயரைப் போட்டு அதை 'டைரக்ட்' செய்துவிட்டார். "இனி நிக்காது சார்" என்றார். நிற்காமல் ஓடினால் நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்றாவது முறையாக 3 கிலோ. இரண்டாம் நாள் ராத்திரி கம்ப்ரசர் எரிந்துபோனது.

காலையில் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே 19 டிகிரி. கட்டுக்கட்டாக வைத்திருந்த மொட்டுகள் விரிந்திருந்தன. விரிந்த பூ வெளியூருக்கு ஆகாது. அத்தனையும் உள்ளூர் மாலைக்கட்டுக்கு, கேட்ட விலைக்குப் போனது. அக்கா என்னிடம் சத்தம் போடவில்லை. "சார், நீங்க சொன்னீங்கன்னுதானே போட்டோம்" என்றார், அவ்வளவுதான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். முப்பது வருஷ அனுபவம். அண்ணன் என்றே கூப்பிட்டேன். வேலை முடியும்வரை மூன்று நாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று நாளில் கற்றதுதான்.

முதலில் அவர் ஒரு ரெகவரி மெஷினையும் காலி சிலிண்டரையும் தராசில் வைத்து இணைத்தார். உள்ளே மிச்சமிருந்த கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டருக்கு இழுத்தார். தராசு 1.4 கிலோ காட்டியது. யூனிட்டின் பெயர்ப்பலகையில் 4 கிலோ என்று போட்டிருந்தது. என்னைப் பார்த்தார். "மூணு தடவை போட்டது ஏழரை கிலோ. மிச்சமெல்லாம் எங்க போச்சு சார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிராக்டருக்கு டீசல் தீர்வதுபோல இந்த கேஸ் தீராது. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அறைக்குள் ஆவியாகும்போது சூட்டை எடுக்கும். வெளியே கண்டென்சரில் திரவமாகும்போது அந்தச் சூட்டை விடும். ஓட்டை இல்லாவிட்டால் பத்து வருஷமானாலும் அதே 4 கிலோதான் இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். சொட்டுநீர்க் குழாயில் ஜாயின்ட் ஒழுகும்போது மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டிச் சமாளிப்போமா? நான் சொன்ன யோசனை அப்படித்தான் இருந்தது.

அடுத்து குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றினார். ரெகுலேட்டர் வைத்து, பெயர்ப்பலகை அனுமதிக்கும் அழுத்தத்துக்குள். "ஆக்சிஜனை மட்டும் ஏத்தவே கூடாது சார். எண்ணெயோட சேர்ந்தா வெடிக்கும்" என்றார். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினார். செம்புக் குழாய் சுவர் தகட்டைத் துளைத்து உள்ளே நுழையும் இடத்தில் நுரை குமிழியிட்டது. இயந்திர அதிர்வில் குழாய் தகட்டில் உரசி உரசி, மயிரிழை அளவு விரிசல். அந்த இடத்தில் தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை இருந்தது. ஜனவரியிலேயே நான் அந்தக் கறையைப் பார்த்திருக்கிறேன். கிரீஸ் என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டேன். கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்துதான் சுற்றும். எண்ணெய் கசிந்த இடம்தான் கேஸ் கசியும் இடம்.

ஒரு ரப்பர் துண்டும் ஒரு கிளாம்பும் போட்டிருந்தால் அந்த உரசலே வந்திருக்காது.

கம்ப்ரசர் எரிந்த காரணத்தையும் விளக்கினார். கேஸ் குறைந்ததால் சுவிட்ச் யூனிட்டை நிறுத்தியது. நாம் சுவிட்சையே அடைத்துவிட்டோம். கேஸ் இல்லாமலே ஓடிய கம்ப்ரசர், குழாய்க்குள் வெற்றிடத்தை உண்டாக்கிவிட்டது. அதே விரிசல் வழியாக இப்போது வெளிக்காற்று உள்ளே போனது, காற்றோடு ஈரமும். இதில் ஊற்றும் எண்ணெய் உப்பு மாதிரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூட்டில் அமிலமாக மாறும். மோட்டார் சுருளைக் குளிர வைக்கத் திரும்பி வரும் கேஸும் போதவில்லை. சூடும் அமிலமும் சேர்ந்து சுருளை எரித்துவிட்டன.

புதிய கம்ப்ரசர் வைத்து, விரிசலைப் பற்றவைத்தார். பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டார். இல்லாவிட்டால் உள்ளே கறுப்பாகச் செம்பு ஆக்சைடு படிந்து, பிறகு உதிர்ந்து வால்வை அடைக்கும். ஃபில்டர் டிரையரையும் புதிதாக மாற்றினார். மறுபடி நைட்ரஜன் ஏற்றி ஒரு ராத்திரி விட்டார். காலையில் முள் நகரவில்லை.

பிறகு வேக்கம் பம்ப். காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. "எவ்வளவு நேரம்ணே?" என்றேன். "நேரத்தைப் பாக்கக் கூடாது சார், மைக்ரானைப் பாக்கணும்" என்றார்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அழுத்தம் குறைந்தால் நேர்மாறு. ஊட்டியில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தும் பருப்பு வேக நேரமாவது அதனால்தான். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் மைக்ரான் கணக்கில் 7,60,000. அதைப் பம்ப் வைத்து 500 மைக்ரானுக்கு இறக்கினால், குழாயில் ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெயிலிலேயே ஆவியாகி வெளியேறிவிடும். அந்த அழுத்தத்தில் ஈரம் ஆவியாக மைனஸ் 24 டிகிரியே போதும். பத்து நிமிஷம் பம்ப் ஓட்டினால் காற்று போகும், ஈரம் போகாது.

மூன்று மணிக்கு 500 வந்தது. வால்வை மூடிக் காத்திருந்தார். முள் 1,500 வரை ஏறி நின்றுவிட்டது. "ஏறி நின்னா ஈரம் பாக்கி. ஏறிக்கிட்டே போனா ஓட்டை பாக்கி" என்றார். உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டு, மறுபடி பம்ப் போட்டார். நடுவில் கரண்ட் போனது. ஓடிப்போய் வால்வை மூடினார். இல்லாவிட்டால் பம்பின் எண்ணெய் உள்ளே ஏறிவிடுமாம். ராத்திரி ஒன்பதரைக்கு 400 மைக்ரானில் அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றது.

அதற்குப் பிறகுதான் கேஸ். தராசில் சிலிண்டரை வைத்து, 4 கிலோ எடை பார்த்து ஏற்றினார். ஆர்-404ஏ என்பது மூன்று கேஸ்களின் கலவை. ஆவியாக எடுத்தால் கலவை விகிதம் மாறும். அதனால் திரவமாகத்தான் எடுக்க வேண்டும். திரவத்தைக் கம்ப்ரசர் ஓடும்போது அப்படியே அதன் வாய்க்குள் விட்டால் வால்வு உடையும் என்பதால், பெரும்பங்கை யூனிட் நின்றிருக்கும்போதே திரவக் குழாய்ப் பக்கம் ஏற்றினார். எல்.பி. சுவிட்சில் இருந்த ஒயர் துண்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். விடிந்தபோது அறை 3 டிகிரி. உள்ளே வைக்கத்தான் பூ இல்லை.

முதலில் இழுத்த 1.4 கிலோ கேஸில் அமிலம் கலந்திருந்ததால், அதைத் திரும்பப் போடாமல் சுத்திகரிக்கும் இடத்துக்கு எடுத்துப் போனார். சுத்தமாக இருந்திருந்தால் அதே யூனிட்டுக்கே பயன்பட்டிருக்கும். ஒரு கிலோ ஆர்-404ஏ காற்றில் கலப்பது, புவியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எங்கள் அவசரத்தில் போனது குறைந்தது 6 கிலோ. அதாவது 23 டன் கரியமில வாயுவுக்குச் சமம். பருவம் தவறிய மழை பற்றி விவசாயிகளிடம் கூட்டம் போட்டுப் பேசுகிறவன் நான். இந்தவகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 2021-ல் இந்தியாவும் அதை ஏற்று உறுதி செய்தது. இனி இவை மலிவாகவும் கிடைக்கப்போவதில்லை.

கேள்வி அனுப்பிய வாசகருக்கு இப்போது பதில். உங்கள் கேஸ் தரக்குறைவானதல்ல. குழாயில் கசிவு இருக்கிறது. குளிர் குறைந்தால் முதலில் நீங்களே பாருங்கள்: கண்டென்சரில் தூசி அடைத்திருக்கிறதா, உள்ளே காயிலில் பனி மூடியிருக்கிறதா, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, வெயிலில் அறுத்த சரக்கைச் சூட்டோடு உள்ளே அடுக்கினீர்களா? பாதிப் பழுது இங்கேயே தெரிந்துவிடும். குழாயில் எங்காவது எண்ணெய்க் கறை இருந்தால் துடைக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மெக்கானிக் வந்ததும் தயங்காமல் கேளுங்கள். பழைய கேஸை எதில் பிடிப்பீர்கள்? கசிவு எங்கே என்று காட்டுவீர்களா? எத்தனை மைக்ரானுக்கு இறக்குவீர்கள், அது நிற்கிறதா என்று பார்ப்பீர்களா? எடை போட்டுத்தானே ஏற்றுவீர்கள்? இதற்கெல்லாம் கருவி இல்லாதவர் என்றால், ஒருநாள் தாமதமானாலும் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். பாதுகாப்பு சுவிட்சை 'டைரக்ட்' செய்ய மட்டும் சம்மதிக்காதீர்கள். வீட்டு ஃபிரிட்ஜில் ஆர்-600ஏ என்று எழுதியிருந்தால் அது தீப்பற்றும் கேஸ். அடுப்படியில் வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள். இந்த வேலை எதையும் நாமே செய்து பார்க்கவும் கூடாது. பழுது பார்க்கும் நாளில் சரக்கை எங்கே மாற்றுவது என்பதையும் சீசனுக்கு முன்பே பேசி வையுங்கள். எங்களுக்கு மாற்று இடம் இல்லாததால்தான் அவ்வளவு அவசரம்.

அந்தக் குழுவின் அறைக் கதவில் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. காலை, மாலை வெப்பநிலை, என்றைக்கு யார் வந்தார், எத்தனை கிலோ எடுத்தார், எத்தனை கிலோ போட்டார் என்று எல்லாம் அக்காவின் கையெழுத்தில் இருக்கிறது. கேஸ் போட்ட கணக்கு அதில் ஒரே வரிதான், 2019 பிப்ரவரி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். நீங்களும் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கித் தொங்கவிடுங்கள்.