திரும்பி வந்த தம்பியிடம் நாங்கள் கேட்ட கேள்வி



வருகிற மாதம் எங்கள் பாடசாலை மண்டபத்தில் மீண்டும் இரத்ததான முகாம் நடக்க இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். அதற்கான அறிவித்தலை எழுதத்தான் உட்கார்ந்தோம். ஆனால் போன முறை நடந்த ஒன்றைச் சொல்லாமல் மறுபடியும் உங்களைக் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் ஆசிரியர்கள் சிலர், பழைய மாணவர் சங்கத்துப் பிள்ளைகள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இரண்டு பேர். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். "எழுதுங்க சேர், பேர மட்டும் போட வாணாம்" என்றார். பேரை மட்டுமல்ல, ஆள் தெரியாமல் இருக்க இரண்டொரு விவரத்தையும் மாற்றியிருக்கிறோம். யாரென்று கருத்துப் பகுதியில் கேட்க வேண்டாம்.

அன்று போயா விடுமுறை. காலையிலேயே இரத்த வங்கியின் வாகனம் வந்துவிட்டது. மேசைகளை நகர்த்திக் கட்டில் போட்டார்கள். முதலில் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு, பிறகு படிவம், பிறகு நிறை. அதன் பின் விரலில் ஒரு குத்து. எங்கள் விஞ்ஞான ஆசிரியைக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. நீல நிறச் செப்பு சல்பேற்றுக் கரைசலில் ஒரு துளி இரத்தத்தை விடுகிறார்கள். துளி தாழ்ந்தால் ஹீமோகுளோபின் போதும், மிதந்தால் போதாது. அடர்த்தி படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கு ஒரு பாடமே நடத்தினார். கடைசியில் அவருடைய துளியே மிதந்தது. கீரையும் ஈரலும் சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவரையும் அன்று எடுக்கவில்லை. பிரஷர் கூடியிருந்தது. அவருக்குப் பிரஷர் என்பது ஊருக்கே தெரிந்த விசயம் என்பதால் "பாவம் சேர், உட்காருங்க" என்று கதிரை போட்டோம்.

பதினொரு மணி போல எங்கள் பழைய மாணவர் ஒருவர் வந்தார். முப்பதுக்குள் வயது, ஓட்டோ ஓடுகிறார், நல்ல வாட்டசாட்டமான ஆள். நிறை சரி, துளியும் தாழ்ந்தது. வைத்தியரின் மேசையில் இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு எழுந்து வெளியே வந்தார். கையில் பிளாஸ்டர் இல்லை. பிளேன்டி மேசையில் நின்ற எங்களில் ஒருவர் உரத்துக் கேட்டார்: "என்ன தம்பி, ஊசிக்குப் பயந்தா ஓடி வாறீங்க?"

மண்டபமே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார், டீ குடிக்கவில்லை.

71 பேர் வந்தார்கள், 58 பேர் கொடுத்தார்கள். இரவு வட்ஸ்அப் குழுமத்தில் 58 பேரின் பெயரையும் போட்டு ஜஸாகல்லாஹு ஹைர் சொன்னோம். அதுவும் நாங்கள்தான். பெயர் இல்லாதவர்கள் 13 பேர். அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவரைப் பற்றித்தான் ஊர் பேசியது. துளி தாழ்ந்ததாம், பிரஷரும் இல்லையாம், பிறகு ஏன் டொக்டர் திருப்பினார்?

நான்காம் நாள் அவருடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். அலுவலகத்துக்குள் வராமல் வெளி விறாந்தையிலேயே நின்றார். "சேர், எம்புள்ளக்கி என்ன வருத்தம்? அவன் சொல்றானில்ல. நீங்கதானே அங்க ஈந்தீங்க" என்றார். அந்த நேரம் மகனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டாரின் காதுக்கும் கதை போயிருந்தது.

எங்களிடம் பதில் இல்லை. வைத்தியரிடம் கேட்டுச் சொல்வோம் என்ற எண்ணத்தில், நல்லது செய்கிறோம் என்றே நினைத்து, அவருக்குத் தொலைபேசி எடுத்தோம். அவர் சிங்களத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னார், அதை உங்களுக்குச் சொல்ல முடியாது சேர், அவருடைய உம்மாவுக்கும் சொல்ல முடியாது என்று. நாங்கள் விடவில்லை. பெயரைக் காப்பாற்றத்தான் கேட்கிறோம் என்றோம். அதற்கு அவர் ஒரு கேள்வி கேட்டார். அடுத்த முறை அந்த மேசையில் உட்காரும் பொடியன், வெளியே நீங்கள் நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் என்னிடம் உண்மை சொல்வானா?

அந்த மேசையில் என்ன கேட்கிறார்கள் என்பதை நாங்கள் அதன் பிறகுதான் படிவத்தை எடுத்து நிதானமாக வாசித்தோம். அண்மையில் காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து பாவிக்கிறீர்கள், பல் பிடுங்கினீர்களா, சத்திரசிகிச்சை நடந்ததா என்றெல்லாம் இருக்கிறது. தோலில் ஊசி, பிளேடு பட்ட எதையும் சொல்ல வேண்டும். அப்படியென்றால் ஹிஜாமா செய்தவர்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இப்போது மாதத்துக்கு எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வெளிநாடு போய் வந்தவரிடம் எந்த நாடு என்று விசாரிப்பார்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது, இரத்தப் பை வழியாக அது திரும்பி வரக்கூடாது. இவற்றோடு போதை ஊசி பற்றியும், ஒன்றுக்கு மேற்பட்டவரோடு உறவு உண்டா என்பது பற்றியும் கேள்விகள் இருக்கின்றன. கலியாணம் முடித்தவர், முடிக்காதவர், தாடி வைத்தவர், வைக்காதவர் எல்லாருக்கும் அதே கேள்விகள்தான்.

எப்படியும் இரத்தத்தைப் பரிசோதிப்பார்கள்தானே, பிறகு ஏன் கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியது. எச்.ஐ.வி., இரண்டு வகைக் கல்லீரல் அழற்சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு கிருமி உடலில் புகுந்த முதல் நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் தெரியாமல் இருந்துவிடலாம். அந்த இடைவெளியை அடைப்பது கொடுப்பவரின் வாய்ச்சொல் ஒன்றுதான்.

எங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்பெல்லாம் வாட்டில் ஆள் கிடந்தால் சொந்தக்காரர் இரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓட வேண்டும். மச்சான், மருமகன் என்று கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். அப்படி இழுபட்டுப் போனவர் தன் இரகசியத்தை அங்கே சொல்வாரா? 2014 முதல் நமது நாட்டில் எடுக்கும் இரத்தம் முழுவதும் சுயவிருப்பத்தில் கொடுப்பவர்களிடமிருந்தே வருகிறது. அதில் நாங்களும் பங்கு என்று பெனரில் பெரிதாகப் போட்டிருந்தோம். ஆனால் அந்த மண்டபத்தில் சிரித்தும், இரவில் பட்டியல் போட்டும், இரண்டு மஹல்லாவுக்கு இடையே யார் கூட என்று எண்ணியும் நாங்கள் செய்ததும் கையைப் பிடித்து இழுக்கிற வேலைதான்.

எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளை மாதம் ஒருமுறை வகுப்புக்கு வராது. தலசீமியா. குருநாகல் போதனா வைத்தியசாலையில் அதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது, இரத்தம் ஏற்ற அங்கே போகிறது. மூன்று, நான்கு கிழமைக்கு ஒரு தடவை, வாழ்நாள் முழுவதும். போய் வந்த அடுத்த நாள் கன்னம் சிவந்து மைதானத்தில் ஓடும், கிழமைகள் போகப் போக வெளுத்து மேசையில் தலை வைத்துப் படுக்கும். ஒரு வெட்கத்தில் யாரோ மறைத்த ஒரு பதில், இப்படி வருடத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு தடவை இரத்தம் ஏற்றுகிற ஒரு பிள்ளையிடம் போய்ச் சேரலாம். அன்று எங்கள் தம்பி அந்த மேசையில் எதையோ உண்மையாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார். எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். இப்போதும் அவ்வளவுதான் தெரியும்.

பெண்ணின் வாப்பாவைச் சந்தித்துப் பேசினோம். திருப்பி அனுப்ப எத்தனை காரணம் இருக்கின்றன என்று எங்கள் ஆசிரியையின் துளியையும் மூத்த ஆசிரியரின் பிரஷரையும் சேர்த்துச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அந்தப் பேச்சு அதன் பிறகு தொடரவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம், ஆனால் அப்படிச் சொல்லித் தப்ப எங்களால் முடியவில்லை. தம்பியின் வீட்டுக்கும் போனோம், கேள்வி கேட்ட ஆசிரியரே முன்னால் போனார். "பரவாயில்ல சேர்" என்றுவிட்டுத் தம்பி ஓட்டோவின் டயர் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். உம்மாதான் கொஞ்ச நேரம் அழுதார்.

ஆகவே இந்த முறை சிலதை மாற்றியிருக்கிறோம். வைத்தியரின் மேசை மண்டபத்தில் இல்லை, நூலக அறையில், கதவு மூடியிருக்கும். கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே வாசலால் வெளியேறுவார்கள், எல்லாருக்கும் அதே டீயும் பிஸ்கட்டும். பெயர்ப் பட்டியல் இல்லை, மஹல்லாக் கணக்கும் இல்லை. போட்டோ எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்று. வெளியே வருபவரிடம் யாராவது ஏன் என்று கேட்டால், அவர் யாராக இருந்தாலும் நாங்கள் குறுக்கே வருவோம்.

மற்றபடி வழமையான விசயங்கள்தான். 18 முதல் 60 வயது, 50 கிலோவுக்குக் குறையாத நிறை, கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் கடந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இப்போதைக்கு வேண்டாம். முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள், வெறும் வயிற்றோடு வராதீர்கள். சுன்னத்தான நோன்பு வைப்பவர்கள் அன்றைக்கு வேறு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து குடிப்பவர்கள் அதன் பெட்டியையும் கொண்டு வந்தால் வைத்தியருக்குச் சுலபம். பெண்களுக்குத் தனி இடமும் பெண் தாதியரும் இருப்பார்கள். திகதி உறுதியானதும் ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்போம். தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம், போன முறை நான்கு பேர் அதற்காகவே வீட்டுக்கு ஓடினார்கள்.