வைகை அணையில் ஒரு நாள்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் "எங்கே போகலாம்?" என்ற கேள்வி நம் இல்லங்கள் தோறும் எழுவது இயல்பு. மதுரை மக்களாகிய நமக்குக் கோடைக்கானல் ஏரி உண்டு. 1863-ஆம் ஆண்டில், மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரையின் முயற்சியால் உருவான ஏரி அது. ஆயினும், மலையேற இயலாத முதியோரையும் சிறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்புவதற்கு வைகை அணையைப் போல் ஏற்ற இடம் வேறில்லை.

சென்ற கோடையில் அங்கே போகலாமென்று முதலில் சொன்னவர் என் மாமியார். வயது எண்பதைக் கடந்தவர்; எதையும் வேண்டுமென்று கேட்டறியாதவர். "மாப்பிள்ளை, கண் நன்றாகத் தெரியும்போதே அணையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்றார். அணை கட்டும்பொருட்டுக் காலிசெய்யப்பட்ட ஊர்களுள் ஒன்று அவர் பிறந்த ஊர். ஊரை விட்டு வெளியேறியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அதன்பின் ஒரு முறையேனும் அவர் அந்தப் பக்கம் சென்றதில்லை.

மதுரையிலிருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாகச் சென்று, ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் காற்றே மாறிவிடுகிறது. சுமார் 70 கிலோமீட்டர் பயணம். அகலப் பாதையாக்கப்பட்டு 2022-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தேனி இரயிலில் ஆண்டிபட்டி வரை சென்று, அங்கிருந்து பேருந்திலும் செல்லலாம்.

வைகை அணையை 1959-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார். அணையின் உயரம் 111 அடி. அதில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படும். 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை. மழைக்காலத்தில் செல்வோர் இந்த எண்களை அறிந்திருத்தல் நன்று. அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கிக் குளிப்பதும், ஆழம் தெரியாத நீரில் பிள்ளைகளை விளையாட விடுவதும் கூடவே கூடாது.

அணையின் இரு கரைகளிலும் பூங்காக்கள் உள்ளன. இரண்டையும் ஒரு சிறு பாலம் இணைக்கிறது. என் பிள்ளைகள் ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் ஓடினார்கள். நாங்கள் மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். "இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வருகிறது?" என்று இளையவன் கேட்டான். நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை, ஆண்டு முழுதும் ஓடும் ஆறன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் இப்பகுதி பட்ட பாடு சொல்லுந்தரமன்று. மலைக்கு அப்பால் மேற்கே ஓடி வீணே கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் பணியை 1887-இல் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் தொடங்கினார். காட்டாற்று வெள்ளம் கட்டுமானத்தை அடித்துச் சென்றது. காய்ச்சலால் தொழிலாளர் பலர் மாண்டனர். எனினும் 1895-இல் பணி நிறைவேறியது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு சேர்ந்து இந்த அணையில் தங்குகிறது. இங்கிருந்து பேரணை வழியாக மேலூர் வயல்களுக்கும், மதுரை நகரத்தின் குடிநீர்க் குழாய்களுக்கும், சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களுக்கும் செல்கிறது.

வெயில் தாழ்ந்தபின், நீர்த்தேக்கத்தின் கரையோரச் சாலையில் காரை நிறுத்தினோம். மாமியார் இறங்கி, கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தண்ணீரில் அடையாளம் ஏதும் இல்லை. எனவே அவர் எதிரேயிருந்த மலைகளைப் பார்த்தார். "அந்த மொட்டை மலைக்கு நேர் கீழே எங்கள் களத்துமேடு. அதற்கு இந்தப் பக்கம் கிணறு. கிணற்றைத் தாண்டினால் வீடு" என்று விரலால் காட்டினார். பிள்ளைகள் அவர் விரல் சென்ற திசையெல்லாம் பார்த்தார்கள். அங்கே ஒரு பரிசல் அசைந்துகொண்டிருந்தது, வேறெதுவும் இல்லை. "அம்மாச்சி, வீட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே?" என்றாள் மூத்தவள். "கதவையும் உத்திரத்தையும் வண்டியில் ஏற்றினோம் கண்ணு, மற்றதை எப்படி ஏற்றுவது?" என்றார் அவர்.

இம்மக்களின் துயரத்தைக் கருவாகக் கொண்ட "கள்ளிக்காட்டு இதிகாசம்" என்னும் புதினம் 2003-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. கடலுக்கு அப்பாலும் இத்தகைய கதை உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் மிகுதி. படகு ஓட்டவும் தூண்டில் போடவும் மக்கள் திரண்டு செல்கின்றனர். அவற்றுள் ஒன்றான செலின் ஏரியின் அடியில் கேப்பல் செலின் என்னும் சிற்றூர் கிடக்கிறது. லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக 1957-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1965-இல் அந்த ஊர் அதன் ஆலயத்தோடும் பள்ளியோடும் நீரில் மூழ்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005-இல், லிவர்பூல் நகர மன்றம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. பழைய ஆலயத்தின் கற்களைக் கொண்டு எழுப்பிய சிறு நினைவாலயம் இன்று ஏரிக்கரையில் நிற்கிறது.

"இங்கேயும் ஒரு கல்லாவது நட்டிருக்கலாம்" என்று நான் சொன்னேன். மாமியார் தலையசைத்தார். "கல் எதற்கு மாப்பிள்ளை? நம் வீட்டுக் குழாயில் வருவதும் இந்தத் தண்ணீர்தானே? ஊர் போனது போகட்டும். தண்ணீர் வீணாய்ப் போவதைப் பார்த்தால்தான் மனம் ஆறமாட்டேன் என்கிறது" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அச்சொற்களே என் நெஞ்சில் நின்றன. தல்லாகுளம், பீபீகுளம், மாடக்குளம், உலகனேரி என்று மதுரையின் பேட்டைகளுக்கே நீர்நிலைகளின் பெயர்கள் அல்லவா? அவற்றுள் எத்தனை நீர்நிலைகளைத் தூர்த்துக் கட்டடங்கள் எழுப்பியிருக்கிறோம்! எஞ்சிய கண்மாய்களில் சாக்கடையையும் குப்பையையும் கலக்கிறோம். நமக்காக ஒருசாரார் தம் ஊரையே கொடுத்து ஏரி உண்டாக்கினர். நாமோ முன்னோர் வெட்டிவைத்த ஏரிகளை அழித்து ஊர் உண்டாக்கிக்கொண்டோம்.

ஆகவே, வாசகர்களே, இவ்விடுமுறையில் குடும்பத்தோடு வைகை அணைக்குச் சென்று வாருங்கள். இயன்றால் உங்கள் இல்லத்து முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். பூங்காவோடு நின்றுவிடாமல், நீர் விரிந்து கிடக்கும் கரைக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று, அந்நீரின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். கொண்டுசென்ற நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அன்றிரவு நாங்கள் வீட்டை அடைந்தபோது மணி ஒன்பது. பயணக் களைப்பில் அனைவரும் படுக்கச் சென்றுவிட்டோம். கொல்லைப்புறத்தில் பல நாட்களாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயின் கீழ் யாரோ வாளி வைக்கும் ஓசை கேட்டது. எழுந்து சென்று பார்த்தேன். வைத்தவன் என் இளைய மகன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குழாயைச் செப்பனிட ஆளை அழைத்து வந்தேன்.