கைப்பற்றி நடத்தல்

வானகரத்தில் எங்கள் இல்லத்தில் ஓயாத வழக்கொன்றுண்டு. இக்காலத்து வீடியோ விளையாட்டுகள் அடிதோறும் அம்புக்குறி காட்டுவதால் இளைஞர் அறிவு மழுங்குகின்றது என்பார் என் சிற்றப்பா. 1990-களில் அவர் ஆடியபோது வழிகாட்டுவார் எவருமிலராம்.

இக்கூற்று ஆராயற்பாலது. 1985-ல் தோன்றிய 'சூப்பர் மாரியோ'வின் முதற் கட்டமே ஓர் ஆசான். பகைவன் ஒருவன் மெல்ல எதிர்வருவான், தாவாதவன் மடிவான், மறுமுறை தாவுவான். 1986-ல் வந்த 'செல்டா' விளக்க நூலுடனேயே விற்கப்பட்டது. சிற்றப்பாவுக்கோ அத்தகைய நூல்கள் கிட்டவில்லை. அடுத்த வீட்டுச் சிறுவரின் வாய்மொழியே உரையாயிற்று. மறுபுறம், குறிப்புகள் மிகச் சிலவே தரும் 'எல்டன் ரிங்' 2022-ல் முதல் மாதத்திலேயே ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விலைபோயிற்று. ஆகவே இன்றையோர் இடருக்கு அஞ்சுவோர் அல்லர்.

1887-ல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். உரையை நாடியோரை மந்தர் என்பார் உண்டோ? எனினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. உரை, மூலத்தைப் படித்துத் தடைப்பட்டவனுக்கு உதவுவது. அம்புக்குறியோ தடைப்படவே விடுவதில்லை. ஐயம் தீர அயலான் கதவைத் தட்டும் தேவையையும் அது போக்கிவிட்டது. குறைந்தது அறிவன்று, அவ்வுறவே என்பது என் துணிபு.

நண்பர்களே, கைகொடுக்கும் துணை எக்காலத்தும் வேண்டியதே. நடை பழகியபின் கையை விடும் துணையே நல்லாசான்.