துளைகள் சொன்ன லாரி

கனடாவின் ஓஷாவா நகரைத் தாண்டிக் கிழக்கே அரைமணி நேரம் போனால் ஆப்பிள் தோப்புகள் வந்துவிடும். தோப்புகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. கதவைத் தள்ளியதும் அறுத்த மரத்தின் வாசனை முகத்தில் அடித்தது. நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளின் சத்தத்தில் வளர்ந்தவன். கடல்தாண்டி வந்து இத்தனை வருடம் ஆகியும், மரத்தூள் வாசனை வந்தால் என் கால் தானாக நின்றுவிடும்.

கொட்டகையின் நடுவே இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ லாரி ஒன்று நின்றது. கேபினும் சேஸும் மட்டும்தான் இருந்தன. பாடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நீண்ட இரும்புத் தண்டுகள் வெறுமனே கிடந்தன. முன்பக்கம் மூக்கே இல்லாத சப்பை முகம். கண்ணாடி வழக்கத்துக்கு மாறாக மேலே முன்தள்ளி, கீழே உள்வாங்கிச் சாய்ந்திருந்தது. வானத்தில் பறக்கும் எதிரி விமானத்துக்கு வெயில் பட்டு மின்னிக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். 13ஆம் எண் கேபின் என்று இதற்குப் பெயர். 1941 கடைசியிலிருந்துதான் இது வந்தது. ஆக, வண்டியின் வயது பாதி தெரிந்துவிட்டது.

“ஸ்டியரிங்கைப் பாருங்கள்” என்றார், லாரியைப் புதுப்பித்துக்கொண்டிருந்த பெரியவர். கார் தொழிற்சாலையில் டூல் மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியும் கை நடுங்கவில்லை. ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. எனக்கு அது பழகிய பக்கம். ஆனால் கனடாவில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார். ஒரு கனடியப் பண்ணையில் வலப்பக்க ஸ்டியரிங்கோடு பழைய லாரி கிடந்தால், அது பிரிட்டிஷ் ராணுவ அளவுகோலின்படி பிறந்தது என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

1940இல் டன்கிர்க் கடற்கரையிலிருந்து உயிர் தப்பிய பிரிட்டிஷ் படை, 60,000க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலையில் பெரும்பங்கு கனடாவின் தலையில் விழுந்தது. விண்ட்சரில் ஃபோர்டும் ஓஷாவாவில் ஜெனரல் மோட்டார்ஸும் போட்டியை ஒதுக்கிவைத்து, ஒரே முகச்சாயலில் லாரிகள் செய்தன. போர் முடிவதற்குள் கனடா செய்த ராணுவ வண்டிகள் 8 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏறத்தாழப் பாதி இந்தச் சப்பை மூக்கு வகை. பலவற்றைப் பாகம் பாகமாகப் பிரித்து, மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். இறங்கிய நாட்டில் பூட்டிக்கொண்டார்கள். இந்தியாவுக்கும் வந்தன. அங்கே கட்டிய கவச வண்டிகள் பலவற்றின் அடியில் இருந்தது இதே ஃபோர்டு சேஸ்தான்.

லட்சக்கணக்கில் செய்த லாரி எப்படி அபூர்வமாகும்? பெரியவர் சொன்ன பதில் எளிமையானது. போருக்குப் போனவை திரும்பி வரவில்லை. கனடா தன் வண்டிகளை ஐரோப்பாவிலேயே விட்டுவிட்டது. நெதர்லாந்தும் நார்வேயும் டென்மார்க்கும் அவற்றை வைத்துத்தான் தங்கள் படைகளை மீண்டும் எழுப்பின. உள்நாட்டில் பயிற்சிக்கு நின்றவை விவசாயிகளுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் விலைபோயின. வாங்கியவர்கள் முதலில் கழற்றி எறிந்தது பாடியைத்தான். மரப் பாடி மழையில் ஊறும், பனியில் வெடிக்கும், விறகாகும். “இரும்பு கிடைத்துவிடும். மரம்தான் கிடைக்காது” என்றார்.

அடையாளம் காணும் வேலையை அவர் படிப்படியாகக் காட்டினார். முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை டேப் பிடித்தோம். 158 அங்குலம். 134 இருந்திருந்தால் குட்டை சேஸ், வேறு பாடி. என்ஜின் மூடியைத் தூக்கினால் ஃபோர்டின் வி 8, 3.9 லிட்டர், புதிதில் 95 குதிரைத்திறன். ஓஷாவாவின் செவர்லே என்றால் ஆறு சிலிண்டர் நேர்வரிசையில் நிற்கும். முன் அச்சுக்கும் சக்தி போகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 3 டன் சுமக்கும் ‘எஃப் 60 எல்’ என்று வருகிறது. என்றாலும் என்ஜினை யாரும் மாற்றியிருக்கலாம், சேஸ் பொய் சொல்லாது என்று குனிந்தார். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தடவினார். பள்ளத்தில் வெள்ளை ஏறாமல் எண்கள் கருப்பாக எழுந்து வந்தன. பக்கத்தில் இருந்த ஒரு கொக்கியில், ‘சி’ என்ற ஆங்கில எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு சிறு அம்புக்குறி. கனடிய ராணுவத்தின் சொத்து என்பதற்கான முத்திரை அது. நகக்கண் அளவுதான் இருக்கும். எண்பது வருடத் துருவுக்கு அடியில் அது கூர் மழுங்காமல் இருந்தது.

பாடி எப்படி இருந்தது என்பதைக் கண்டுபிடித்ததுதான் உண்மையான வேலை. பண்ணைக்காரர் போட்டிருந்த பலகைத் தளத்தைக் கழற்றியபோது, அடியில் ஆப்பாகச் செருகியிருந்த ஒரு குறுக்குச் சட்டம் கிடைத்தது. பழைய மரம் என்று மிஞ்சியது அது ஒன்றுதான், அதுவும் பாதி உளுத்தது. மற்றதையெல்லாம் சேஸில் இருந்த துளைகள் சொல்லியிருக்கின்றன. தொழிற்சாலையில் துளைத்த துளை வட்டமாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். பிற்பாடு பண்ணையில் கேஸ் கட்டரால் எரித்துப் போட்ட துளை ஓரம் உருகிக் கோணலாக இருக்கும். நல்ல துளைகளுக்கு வெள்ளைச் சாக்பீஸ், எரித்த துளைகளுக்குச் சிவப்பு. வெள்ளைப் புள்ளிகளை மட்டும் கோடிட்டுச் சேர்த்தபோது, காணாமல் போன பாடியின் சட்டங்கள் எங்கெங்கே உட்கார்ந்தன என்று தெரிந்தது. மூன்று வாரம் இதற்கே ஆனதாம். இல்லாமல் போன ஒன்று தன் அளவை இரும்பில் விட்டுப் போயிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

மரவேலை செய்பவர் முப்பது வயதுப் பெண். அவருடைய மேசையில் வெளிறிய நிறத்தில் நீளமான சட்டங்கள் அடுக்கியிருந்தன. ஆஷ் மரம். பழைய சட்டத்தின் ரேகையைப் பார்த்து அதே மரம் என்று கண்டுகொண்டதாகச் சொன்னார். 2002இல் டெட்ராய்ட்டிலும் விண்ட்சரிலும் முதன்முதலாக ஆஷ் மரத்தை அழிக்கும் ஒரு பச்சை வண்டைக் கண்டார்கள். ஆசியாவிலிருந்து வந்தது. அதன் புழு பட்டைக்கு அடியில் நெளிநெளியாகக் குடைந்து, மரம் நீர் ஏற்றும் வழியை அறுத்துவிடும். இதுவரை கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. ஆனால் புழு பட்டைக்கு அடியோடு நிற்கும், உள்மரத்தைப் பெரிதாகத் தொடாது. பட்டமரத்தைக் காலத்தோடு வெட்டினால் நல்ல சட்டம் கிடைக்கும். லாரி பிறந்த விண்ட்சர் பக்கத்தில் செத்த மரமே இப்போது அந்த லாரிக்கு உடம்பாகிறது.

ஆஷ் ஏன் என்று கேட்டேன். ஒரு மெல்லிய சட்டத்தை எடுத்து முழங்காலில் வைத்து வளைத்தார். வில் போல வளைந்து, விட்டதும் நேரானது. மேடு பள்ளத்தில் போகும்போது லாரியின் சேஸ் முறுகும். பாடியும் கூடவே கொஞ்சம் முறுகிக் கொடுக்க வேண்டும், விறைத்துக்கொண்டால் பிளந்துவிடும். எங்கள் ஊர் ஆசாரிகளும் இதையே சொல்வார்கள்: வண்டிக்குப் பாடி சட்டை மாதிரி, கவசம் மாதிரி கட்டாதே என்று.

பிறகு ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தார். தலை உருண்டை, தலைக்குக் கீழே கழுத்து சதுரம். மரத்தில் இட்ட வட்டத் துளையில் சுத்தியலால் தட்டினால் அந்தச் சதுரம் மரத்தைக் கவ்விக்கொள்ளும். அடியில் நட்டை முறுக்கும்போது போல்ட் சுற்றாது. மரம் உளுப்பதும் அங்கேதான் தொடங்கும். துளை வழியே இறங்கும் தண்ணீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு துளைக்குள்ளும் மெல்லிய பிரஷை விட்டுச் சூடான ஆளி விதை எண்ணெயை மூன்று முறை ஊட்டுகிறார். முடித்த பிறகு யார் கண்ணுக்கும் படாத வேலை. அவர் அதில் ஒரு துளையைக்கூட விடவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன்.

கொட்டகையின் மூலையில் சக்கரங்கள். இரண்டு பாதிகளை நட்டுகளால் இணைத்த சக்கரம் இது. காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் பாதி சக்கரம் பீரங்கிக் குண்டாகப் பாயும். பெரியவர் அந்த நட்டுகள் எல்லாவற்றுக்கும் சிவப்புச் சாயம் பூசி வைத்திருக்கிறார். நாளை இதைத் தொடப்போகிற முகம் தெரியாத ஒருவருக்கான எச்சரிக்கை.

மாலையில் அந்தப் பழைய குறுக்குச் சட்டத்தைப் பொருத்தினார்கள். உளுத்த பகுதியைச் சாய்வாக வெட்டி எடுத்து, அதே சாய்வில் புது மரத்தை ஒட்டியிருந்தார்கள். பழையது கருத்து, புதியது வெளுத்து, இணைப்பு பளிச்சென்று தெரிந்தது. பச்சைச் சாயம் பூசினால் மறைந்துவிடும். அதற்கு முன், தச்சுப் பெண் எண் அச்சை எடுத்து ஒவ்வொரு புதுச் சட்டத்தின் அடிப்புறத்திலும் இந்த வருடத்தைக் குத்தினார். நான் டார்ச் பிடித்தேன். “நாளைக்கு யாராவது இதைக் கழற்றுவார்கள். எது 1940களின் மரம், எது நம்முடையது என்று அவர்கள் குழம்பக் கூடாது” என்றார்.

பழம்பொருளைப் பளபளப்பாக்கிப் பழசு என்றே விற்கும் காலத்தில், தன் வேலையைத் தானே தேதியிட்டு ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மைக்கு முன் நான் தலைவணங்குகிறேன். இந்த லாரியைச் செய்தவர்களின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. அவர்கள் இட்ட துளைகள் நேராக இருந்தன, அதனால் எண்பது வருடம் கழித்தும் ஒருவரால் அவர்கள் வேலையைப் படிக்க முடிந்தது. இவர்கள் இட்ட துளைகளும் நேராக இருக்கின்றன.