கழற்றி வைத்த கம்பி

தறிச் சத்தத்துக்கும் லாரிச் சத்தத்துக்கும் நடுவே வளர்ந்தவர்கள் நாங்கள். சென்னிமலைப் போர்வைகளும் படுக்கை விரிப்புகளும் பொதிகளாய்க் கட்டப்பெற்று வெளியூர் போகும். அவற்றைச் சுமந்து செல்வதே எங்கள் குடும்பத் தொழில். 1978-ஆம் ஆண்டு தந்தையார் முதல் வண்டி வாங்கியபோது, வீட்டுக்கு வந்து சேர்ந்தது முழு லாரி அன்று; எஞ்சினும் சக்கரங்களும் மட்டுமே கொண்ட வெறும் சேஸிஸ். ஓட்டுநர் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு அமர்ந்து, வெயிலும் காற்றும் முகத்தில் அறைய ஓட்டி வந்தார். அதற்குத் தலையும் உடலும் கொடுத்தவர்கள் பட்டறைக்காரர்களே.

நம் கொங்கு நாட்டில் இக்கலைக்குக் குறைவில்லை. பாடி கட்ட நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் வெளி மாநிலத்தாரும் வருகின்றனர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியா முழுவதும் செல்கின்றன. இக்கைத்திறனை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அக்காலத்து ஓட்டுநர் அறை மரச்சட்டமும் மெல்லிய தகடும்தான். மோதல் ஒன்று நேர்ந்தால் மரம் பிளந்து ஓட்டுநரின் நெஞ்சிலேயே பாயும். இன்று லாரியின் அறையும் உடலும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 093 என்னும் விதித்தொகுப்பே இருக்கிறது. விதி இருந்தும் மனிதர் செய்வது என்ன என்பதற்கு எங்கள் குடும்பமே சாட்சி.

2011-இல் அண்ணன் புது லாரி எடுத்தார். முறைப்படி பாடி கட்டி, முறைப்படி பதிவும் செய்தார். பிறகுதான் கணக்குப் பார்க்கும் ஆசை வந்தது. துணிப் பொதிக்கு எடை குறைவு. அடைக்கும் இடம் அதிகம். இரண்டடி நீளமும் ஓரடி உயரமும் கூடினால் ஒரு நடைக்கு எத்தனை பொதி மிகும்! பட்டறை ஒன்றில் வண்டியை விட்டோம். அவர்களும் செய்து கொடுத்தார்கள்.

ஒரு பிழை தனியே வருவதில்லை. இன்னொன்றைக் கைப்பிடித்தே அழைத்து வருகிறது. பின்புறம் நீண்டதால், பொதி ஏற்றும் கொட்டகையின் சரிவில் வண்டி ஏறும்போதெல்லாம் பின்னடியில் இருந்த தடுப்புக் கம்பி தரையில் உரசிற்று. இருமுறை வளைந்தது. மூன்றாம் முறை அண்ணன் அதைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்தார். தகுதிச் சான்று வாங்கும் நாளில் மாட்டினோம், மறுநாளே கழற்றினோம். அது தவறென்று வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. கம்பிதானே!

2013-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்துத் தூறலில், ஓர் இருண்ட மாலையில், பெருந்துறைச் சாலை ஓரத்தில் டயர் பார்ப்பதற்காக எங்கள் வண்டி நின்றது. பின்னால் வந்த சிறு கார் ஒன்று அதில் மோதியது. ஓட்டி வந்தவர் நெசவாளர் குடும்பத்து இளைஞர், எங்கள் தெருக்காரர். வேகம் அதிகமில்லை. ஆனால் காரின் முன்பகுதி எதிலும் முட்டவில்லை. வழுக்கிக்கொண்டு லாரியின் அடியில் நுழைந்தது. லாரியின் விளிம்பைச் சந்தித்தது அவருடைய கண்ணாடியும் முகமுமே. உயிர் பிழைத்தார், வலக் கண் போயிற்று.

விசாரித்தவர்கள், பின்னால் வந்து மோதியவரே கவனித்திருக்க வேண்டும் என்றார்கள். கம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அன்றிரவு சோற்றைத் தொடாமல் அமர்ந்திருந்த அம்மா, அண்ணனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏன் கண்ணு, அந்தக் கம்பி இருந்திருந்தா அந்தப் பையனுக்குக் கண்ணு போயிருக்குமா?”

அண்ணன் பதில் கூறவில்லை. அதன் பின்னரே அக்கம்பி எதற்காக என்பதைக் கேட்டறிந்தோம். காரின் முன்பகுதி மோதலில் நசுங்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. அது நசுங்க நசுங்க வேகம் தணியும். உள்ளிருப்பவர்மேல் அடி குறையும். ஆனால் அது நசுங்குவதற்கு எதிரே ஏதேனும் தாங்கி நிற்க வேண்டும் அன்றோ? லாரியின் உடலோ ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆகவேதான் தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் பின்புறத்தில் உறுதியான கம்பி இருக்க வேண்டும் என்பது விதி. பின்னச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, முன்பின் அச்சுகளின் இடைத்தூரத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பதும் விதியே. உடல் நீளுந்தோறும் பின்சக்கரம் உள்வாங்கி, அடியில் நுழையும் வண்டிக்கு வழி அகலுகிறது. உயரம் கூட்டினால் பாரத்தின் நடுநிலை மேலேறி, வளைவில் வண்டி சாயும்.

இவ்வறிவு பிற நாடுகளுக்கும் கண்ணீரால்தான் வந்தது. அமெரிக்க நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்டு 1967 ஜூன் 29 அன்று லூசியானா மாநிலத்தில், லாரியின் பின்னடியில் கார் நுழைந்தே உயிரிழந்தார். அந்நாட்டில் இன்றும் அக்கம்பியை அவர் பெயரால் அழைப்பவர்கள் உண்டு.

நம் நாட்டிலும் சட்டம் உறங்கவில்லை. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிக்காக முறையான அனுமதியுடன் செய்யும் மாற்றத்தை அது தடுப்பதில்லை. சட்டம் அனுமதிக்காத மாற்றத்தையே தடுக்கிறது.

இது லாரிக்காரர் விவகாரம் என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டுக் காரின் முன்னே அழகுக்கென்று இரும்புத் தடுப்பு மாட்டியிருக்கிறீர்களா? 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நசுங்க வேண்டியதை அது நசுங்க விடாது. காற்றுப் பை உரிய நேரத்தில் விரியவும் இடைஞ்சல் செய்யும். எதிர்ப்படும் பாதசாரிக்கோ அது இரும்பு உலக்கை.

எங்கள் பங்குத் தந்தையிடம் மனம் திறந்தபோது, அவர் இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். புது வீடு கட்டுகிறவர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் யாரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அங்குள்ள கட்டளை. விழுந்தவர் கவனமாக நடந்தாரா என்பதை அது கேட்கவில்லை. சுவர் இருந்ததா என்றே கேட்கிறது. எங்களை விசாரித்தவர்கள் கேட்க மறந்த கேள்வியும் அதுவே.

அண்ணன் அந்த இரண்டடியையும் ஓரடியையும் வெட்டி எடுத்தார். புதுக் கம்பி பொருத்தினார். கொட்டகைச் சரிவை எங்கள் செலவில் மண்ணிட்டு நிரவினோம். நடைக்கு வருமானம் குறைந்தது, குறைந்ததுதான். பிறகு அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்று, நடந்ததை ஒளிக்காமல் கூறி, மருத்துவச் செலவில் எங்கள் பங்கை ஏற்பதாகச் சொன்னோம்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதைக் கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை. கடைசியில், “உங்க கொட்டகைக்கு வர்ற மத்த வண்டிங்களுக்கு அந்தக் கம்பி இருக்குதுங்களாண்ணா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று எங்களால் பதில் கூற இயலவில்லை. இப்போது பொதி ஏற்ற வரும் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டே ஏற்ற விடுகிறார். சிலர் சிரிக்கின்றனர், சிலர் கோபித்து வேறு கொட்டகைக்குப் போய்விடுகின்றனர். சிலர் அடுத்த நடைக்குக் கம்பியோடு வருகின்றனர். சாக்கின் கீழே கிடந்த பழைய கம்பியை அம்மா விற்க விடவில்லை. அது இன்றும் வாசல் சுவரில் சாய்ந்து நிற்கிறது.